கார் ஏசி ஹோஸை வீட்டில் மாற்றுவது: கழற்றுவதிலிருந்து காஸ் ஏற்றுவது வரை

கம்ப்ரஸரில் மாட்டியிருக்கும் ஏசி ஹோஸை மாற்றுவது என்றால், பெரும்பாலான கார்களில் இரண்டு மூன்று போல்ட், சில ஓ-ரிங் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), அரை மணி நேரம். அந்த அரை மணி நேரக் கணக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்கள்தான் கொஞ்ச நாளில் மறுபடி காஸ் ஏற்ற வந்து நிற்கிறார்கள். ஹோஸைக் கழற்றுவதற்கு முன் காஸை எப்படி வெளியே எடுத்தீர்கள், குழாயின் வாய் எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது, மாட்டிய பிறகு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் ஒழுங்காக வெளியேற்றினீர்களா என்பதில்தான் வேலையின் ஆயுள் இருக்கிறது. ஸ்பேனர் பிடிப்பது இதில் சின்னப் பங்கு.

லீக் ஹோஸில்தானா?

கம்ப்ரஸரில் இரண்டு ஹோஸ் வந்து சேரும். தடிமனாக, ஏசி ஓடும்போது தொட்டால் ஜில்லென்று இருப்பது சக்ஷன் ஹோஸ். கூலிங் காயிலிலிருந்து காஸைத் திரும்பக் கொண்டுவருவது அது. அதைவிட ஒல்லியாக, கை வைக்க முடியாத சூட்டில் இருப்பது டிஸ்சார்ஜ் ஹோஸ். அழுத்திய காஸை, அதன் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்ஸருக்குக் கொண்டுபோவது. சில கார்களில் இரண்டும் ஒரே அலுமினிய பிளாக்கில் சேர்ந்து, நடுவில் ஒற்றை போல்ட்டால் கம்ப்ரஸரோடு பிணைக்கப்பட்டிருக்கும்.

ரப்பரும் அலுமினியக் குழாயும் சேரும் இடத்தை உலோக வளையம் போட்டு நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அதற்கு கிரிம்ப் என்று பெயர். கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கம்ப்ரஸர் என்ஜினோடு சேர்ந்து ஆடும். கண்டென்ஸரும் கூலிங் காயிலும் பாடியோடு அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் இடையிலான ஆட்டம் முழுவதையும் அந்த ஒரு சாண் ரப்பர்தான் தாங்குகிறது. சூட்டில் ரப்பர் இறுகிவிட்டால் வளையத்தின் பிடி தளரும். என்ஜின் மவுண்ட் உடைந்திருந்தால் புது ஹோஸும் சீக்கிரம் போய்விடும். அதனால் பழைய ஹோஸ் கிரிம்ப்பில் பிய்ந்திருந்தால் மவுண்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் வெளியே வரும். கசிகிற இடத்தில் ஆயிலில் தூசி ஒட்டிக் கறுத்த பிசுக்காக இருக்கும். அதைத் துணியால் துடைத்துவிட்டு சோப்புத் தண்ணீர் தடவினால் பெரிய கசிவு குமிழியாகத் தெரியும். சின்னக் கசிவுக்கு இது போதாது, யு.வி. சாயம் ஏற்றிச் சில நாள் ஓட்டி, யு.வி. விளக்கில் பார்க்க வேண்டும், அல்லது எலக்ட்ரானிக் லீக் டிடெக்டர் வேண்டும். காஸ் காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். அதனால் டிடெக்டரின் முனையைக் குழாய்க்கு அடிப்பக்கமாக மெதுவாக நகர்த்துங்கள். மேலே ஆட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது.

ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றியிருக்கும் அடைப்பு) கசிந்தாலும் அந்தப் பகுதி முழுக்க ஆயிலாகி, ஹோஸ் கசிவது போலவே தெரியும். கம்ப்ரஸரின் கிளட்ச்சுக்கு நேராக பானெட்டின் அடியிலோ பக்கவாட்டிலோ ஆயில் ஒரே கோடாகத் தெறித்திருந்தால், அது சீல். அப்போது ஹோஸை மாற்றிப் பயனில்லை.

எந்தக் கார்களில் இதைத் தொடவே கூடாது

பானெட்டின் அடியிலோ ரேடியேட்டர் பக்கத்திலோ ஏசி லேபிள் ஒட்டியிருக்கும். காஸ் வகை, அளவு கிராமில், ஆயில் வகை எல்லாம் அதில் இருக்கும். இனி சொல்வதெல்லாம் ஆர்-134ஏ காஸ் உள்ள கார்களுக்கு.

லேபிளில் ஆர்-1234ஒய்எஃப் என்றிருந்தால் விட்டுவிடுங்கள். அது லேசாகத் தீப்பிடிக்கும் காஸ். காஸை ஏற்றவும் எடுக்கவும் இருக்கும் சர்வீஸ் முனைகளும் சிலிண்டர் மரையும் வேறு. சாதாரண வேக்கம் பம்ப்பை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்களும் அப்படித்தான். அவற்றின் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. அதில் மின்சாரம் கடத்தாத தனி ஆயில் இருக்கும், வழக்கமான பி.ஏ.ஜி. ஆயில் கலந்தால் மின்காப்பு கெட்டு, கார் கோளாறு காட்டி நின்றுவிடும்.

காஸை வெளியே எடுப்பது

இந்த ஒரு கட்டத்தை மட்டும் வொர்க்ஷாப்பில் முடித்துக்கொள்ளுங்கள். ரிக்கவரி மெஷினில் மாட்டி காஸை உறிஞ்சி எடுத்து, எத்தனை கிராம் வந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 450 கிராம் இருக்க வேண்டிய காரில் 400 வந்தால் கசிவு சின்னது. 100 வந்தால் பெரியது. ஆயில் எவ்வளவு போயிருக்கும் என்று மதிப்பிட இந்த எண் பிறகு உதவும்.

போல்ட்டைத் தளர்த்தி காற்றில் விட்டுவிடலாமே என்றால், கூடாது. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் புவியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 1,430 மடங்கு. பல நாடுகளில் வேண்டுமென்றே வெளியே விடுவது சட்டப்படி குற்றம். உங்கள் கைக்கும் கண்ணுக்கும் அது நல்லதல்ல: வெளிக்காற்றில் இந்தக் காஸ் மைனஸ் 26 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தெறித்த திரவம் தோலில் பட்டால் பனிப்புண், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பக்கத்தில் தீயோ சிகரெட்டோ இருந்தால் அது சிதைந்து நச்சு வாயுவாகும்.

காலி செய்த காரை வீட்டுக்கு ஓட்டி வரலாம், ஏசி சுவிட்ச்சை மட்டும் தொடாதீர்கள். கிளட்ச் இல்லாமல் எப்போதும் சுழலும் வகைக் கம்ப்ரஸர் என்றால் தூரம் அதிகம் வேண்டாம். உள்ளே ஆயிலைச் சுற்ற வைப்பது காஸ்தான்.

வாங்கி வைக்க வேண்டியவை

ஹோஸைப் பகுதி எண்ணைக் கொண்டு வாங்குங்கள். ஒரே மாடலில் பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் ஹோஸ் வேறாக இருப்பது சகஜம். புதியது கிடைக்கவில்லை என்றால், ஹைட்ராலிக் ஹோஸ் கடைகளில் பழைய முனைகளை வைத்துப் புது ரப்பர் போட்டு கிரிம்ப் செய்து தருவார்கள். நல்ல வழிதான், இரண்டு நிபந்தனைகளோடு. ரப்பர் ஏசிக்கான பேரியர் ஹோஸாக இருக்க வேண்டும். அதன் உள்ளே நைலான் அடுக்கு இருக்கும், அது இல்லாத ரப்பரில் காஸ் மெல்லச் சுவர் வழியாகவே ஊடுருவிப் போய்விடும். அடுத்தது, இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் இருந்தன என்பதை வெட்டுவதற்கு முன்பே பெயின்ட்டால் கோடு போட்டுக் குறித்துக் கொடுங்கள். கோணம் கொஞ்சம் மாறினாலும் ஹோஸ் முறுக்கிக்கொண்டுதான் உட்காரும். பெட்ரோல் ஹோஸை வெட்டி கிளாம்ப் போட்டு ஒப்பேற்றும் யோசனையை மறந்துவிடுங்கள். வெயில் நாளில் டிஸ்சார்ஜ் பக்கம் 15 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் போகும்.

ஓ-ரிங்குகள் ஏசிக்கான ஹெச்.என்.பி.ஆர். என்ற ரப்பர் வகை, பெரும்பாலும் பச்சை நிறம். பெட்டியில் கிடக்கும் ஏதோ ஒரு கறுப்பு வளையம் உதவாது. சில கார்களில் கம்ப்ரஸர் பக்கம் ஓ-ரிங்குக்குப் பதில் உலோகமும் ரப்பரும் சேர்ந்த தட்டை வாஷர் வரும். அதை ஒருமுறைதான் பயன்படுத்தலாம்.

ரிசீவர் டிரையரும் புதிதாக வேண்டும். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன; கசிந்து காலியாகிக் கிடந்த வண்டியில் அவை ஏற்கெனவே நிரம்பியிருக்கும். கண்டென்ஸருக்குள்ளேயே டிரையர் இருக்கும் கார்களில் அந்த மணிகள் அடங்கிய பை மட்டும் தனியாகக் கிடைக்கும். அதன் உறையைக் கடைசி நிமிடம் வரை திறக்காதீர்கள்.

இவை போக: நீலம் (அழுத்தம் குறைந்த லோ பக்கம்), சிவப்பு (அழுத்தம் கூடிய ஹை பக்கம்), மஞ்சள் (பம்ப் அல்லது கேன்) ஹோஸ்களோடு அழுத்தம் காட்டும் மேனிஃபோல்டு கேஜ், உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப், கிராம் காட்டும் தராசு, அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச், கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை, குழாய் வாய்களை மூட பிளாஸ்டிக் மூடிகள். பம்ப்பையும் கேஜையும் வாடகைக்கு எடுப்பதே லாபம்.

கழற்றுவது

என்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கேஜை மாட்டி இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஆர்-134ஏ-யில் லோ பக்க முனை 13 மி.மீ., ஹை பக்க முனை 16 மி.மீ.; அதனால் மாற்றி மாட்டவே வராது. வொர்க்ஷாப்பில் எடுத்த பிறகும் ஆயிலில் கரைந்திருந்த காஸ் மெல்லப் பிரிந்து கொஞ்சம் அழுத்தம் ஏறியிருக்கலாம். முதல் போல்ட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, முகத்தை விலக்கி, சீறல் நிற்கும் வரை பொறுங்கள்.

இணைப்பைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் பிரஷ்ஷால் தட்டித் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் திறந்தவுடன் அது உள்ளே விழும். அலுமினியத்தில் இரும்பு போல்ட் துரு பிடித்து இறுகியிருக்கும். துரு நீக்கும் ஆயில் விட்டு ஊறவைத்து, தளர்த்தி, சற்று இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள். கம்ப்ரஸரின் மரை போய்விட்டால் ஹோஸ் வேலை கம்ப்ரஸர் வேலையாகிவிடும். நட் வைத்த இணைப்பு என்றால் கட்டாயம் இரண்டு ஸ்பேனர்: ஒன்று குழாயைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரில் திருப்பினால் குழாய் ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

பிளாக் வரவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாதீர்கள். சீல் உட்காரும் முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அது நிரந்தரக் கசிவு. கையால் இடமும் வலமும் சின்னதாக ஆட்டினால் வந்துவிடும். வந்த நொடியிலேயே கம்ப்ரஸர் வாயையும் குழாய் வாயையும் மூடுங்கள்.

இப்போது பழைய ஹோஸின் உள்ளே விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஆயில் தெளிவாகவோ, சாயம் போட்டிருந்தால் மஞ்சள் பச்சையாகவோ வந்தால் சரி. கறுப்பு மையாக, சாம்பல் நிற மினுமினுப்போடு வந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்து தூள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் கம்ப்ரஸர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு (கூலிங் காயிலுக்குள் காஸை அளந்து விடும் குறுகிய வாய்), பெரும்பாலும் கண்டென்ஸரும் மாற்றியாக வேண்டும். ஹோஸை மட்டும் மாற்றுவது காசைக் கரைப்பது.

ஆயில்

பழைய ஹோஸைத் தலைகீழாகப் பிடித்து அளவுக் குப்பியில் வடியுங்கள். மெல்லக் கசிந்த வண்டியில் வடிந்த அளவு, அதோடு சிறிது, ஆகமொத்தம் 10 முதல் 20 மி.லி. புது ஆயிலைப் புது ஹோஸுக்குள் ஊற்றினால் போதும். டிரையர் மாற்றினால் அதற்குத் தனியாகக் கையேட்டில் ஓர் அளவு சொல்லியிருப்பார்கள். ஹோஸ் வெடித்து ஆயில் என்ஜின் முழுக்கத் தெறித்திருந்தால் இந்த மதிப்பீடு செல்லாது. கம்ப்ரஸரைக் கழற்றி வடித்து அளந்து, மொத்தக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.

அதிகமாக ஊற்றுவது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். கூடுதல் ஆயில் கூலிங் காயிலின் சுவரில் படிந்து வெப்பம் கடத்துவதைத் தடுக்கும், குளிர் குறையும். பி.ஏ.ஜி. 46, 100, 150 என்பதெல்லாம் தடிமனைக் குறிக்கும் எண்கள். லேபிளில் உள்ளதையே வாங்குங்கள். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை வேகமாக உறிஞ்சும். சின்ன டப்பாவாக வாங்கி, மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.

மாட்டுவது

பழைய ஓ-ரிங் பள்ளத்திலேயே ஒட்டியிருந்து, அதன் மேல் புதியது ஏறிக்கொள்வது நிறைய நடக்கிறது. பிளாஸ்டிக் குச்சியால் எடுத்துவிட்டு, பள்ளத்தை நூல் உதிராத துணியால் துடையுங்கள். புது ஓ-ரிங்கில் கம்ப்ரஸர் ஆயில் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். கிரீஸ், சிலிகான், பேஸ்ட் எதுவும் வேண்டாம். காய்ந்த ஓ-ரிங் உள்ளே போகும்போது மடிந்து வெட்டுப்படும்.

பிளாக்கைக் கையால் அழுத்தி, இரண்டு உலோக முகங்களும் இடைவெளி இல்லாமல் சேர்ந்த பிறகு போல்ட்டைக் கையால் திருகுங்கள். போல்ட்டை இறுக்கியே பிளாக்கை இழுத்து உட்கார வைத்தால், அது சாய்ந்து ஓ-ரிங்கின் ஒரு பக்கத்தை நசுக்கும். எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25 என்பது பொதுவான அளவு. கையேடு வேறு சொன்னால் கையேடுதான். ஹோஸை அதன் கிளிப்புகளில் மாட்டிய பிறகே கடைசி இறுக்கம்.

ஹோஸின் மேல் நீளவாக்கில் அச்சிட்ட எழுத்து வரி நேராக ஓடுகிறதா பாருங்கள். சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கியிருக்கிறது. எக்ஸாஸ்ட், பெல்ட், ஃபேன் மூன்றிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். என்ஜின் ஆடும்போது எதில் உரசும் என்று யோசித்துப் பாருங்கள், நிற்கும்போது இருக்கும் இடைவெளி போதாது.

சர்வீஸ் முனைகளின் வால்வு ஊசிகளையும் இப்போதே மாற்றிவிடுங்கள். விலை மிகக் குறைவு. புது ஹோஸ் போட்ட வண்டியில் அடுத்த கசிவு பல நேரம் அங்கேதான் வரும். டிரையரை எல்லாவற்றுக்கும் கடைசியாக மாட்டி, உடனே வேக்கம் போடுங்கள்.

வேக்கம்

உள்ளே ஒரு சொட்டு தண்ணீர் நின்றாலும் எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் பனியாகி அடைக்கும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அந்தத் தண்ணீரைத் துடைத்து எடுக்க வழியில்லை, அழுத்தத்தைக் குறைத்துக் கொதிக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். 25 டிகிரியில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் சுமார் 24 மி.மீ. பாதரசத்துக்கு இறங்க வேண்டும். கேஜில் அது ஏறக்குறைய 29 இன்ச் வேக்கம். அதாவது 27 இன்ச்சில் பம்ப்பை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் தண்ணீர் அங்கேயே இருக்கும். குளிரான நாளில் இன்னும் கடினம்; பேட்டரியைத் தற்காலிகமாக இணைத்து என்ஜினைச் சற்று ஓட்டிச் சூடாக்கிய பிறகு பம்ப்பை இயக்குங்கள். மலைப்பகுதியில் கேஜ் 29-ஐத் தொடாது; ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஓர் இன்ச் குறைத்துக்கொள்ளுங்கள். வேக்கத்தை இன்னும் நுணுக்கமாக அளக்கும் மைக்ரான் கேஜ் கிடைத்தால் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்க வேண்டும்.

இரண்டு வால்வும் திறந்து, குறைந்தது 45 நிமிடம். பிறகு மேனிஃபோல்டு வால்வுகளை முதலில் மூடி, அடுத்து பம்ப்பை நிறுத்துங்கள். வரிசை மாறினால் பம்ப் ஆயில் உள்ளே இழுபடும். அரை மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம் மிச்சமிருக்கிறது, மறுபடி பம்ப். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. கேஜ் ஹோஸின் சொந்த வாஷரையும் சந்தேகப்படுங்கள்.

முள் ஏறாமல் வேக்கம் நிலைத்து நின்றதாலேயே கசிவு இல்லை என்று ஆகிவிடாது. இதில் வெளியிலிருந்து உள்ளே ஒரு பார் அழுத்தம்தான். ஓடும்போது உள்ளிருந்து வெளியே பல மடங்கு. வசதியிருந்தால் வேக்கத்துக்கு முன் ரெகுலேட்டர் வைத்து உலர்ந்த நைட்ரஜனை 10 பார் ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். நைட்ரஜனுக்குப் பதில் கம்ப்ரஸர் காற்றோ ஆக்சிஜனோ ஏற்றவே கூடாது. காற்று ஈரத்தைக் கொண்டுவரும். ஆக்சிஜன் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

காஸ் ஏற்றுவது

மஞ்சள் ஹோஸை பம்ப்பிலிருந்து கழற்றி காஸ் கேனில் மாட்டுங்கள். அந்த ஹோஸில் இப்போது காற்று இருக்கிறது. கேனைத் திறந்து, மேனிஃபோல்டு முனையில் மஞ்சள் ஹோஸை ஒரு நொடி தளர்த்தி அந்தக் காற்றைத் தள்ளிவிட்டு இறுக்குங்கள். இதைத் தவறவிட்டால் வேக்கம் போட்டதில் பாதி வீண்.

கேனைத் தராசில் நிற்க வைத்து, என்ஜின் ஓடாத நிலையில் நீல வால்வைத் திறந்தால் வேக்கமே கொஞ்சம் காஸை இழுத்துக்கொள்ளும். முள் நின்றதும் பேட்டரியை இணைத்து என்ஜினைக் கிளப்பி, ஏசி முழுக் குளிர், ஃபேன் முழு வேகம், கதவுகள் திறந்தபடி, 1,500 ஆர்.பி.எம். வைத்து மீதியை நீல வால்வு வழியாகவே மெல்ல விடுங்கள். தொடக்கத்தில் கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடும். காஸ் சேரச் சேரச் சீராகும். கேன் நிமிர்ந்தே இருக்கட்டும். கவிழ்த்தால் திரவமாகப் போகும். திரவத்தை கம்ப்ரஸரால் அழுத்த முடியாது, உள்ளே வால்வு தகடு உடையும். கேன் குளிர்ந்து காஸ் வர மறுத்தால் 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள்.

என்ஜின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறக்கவே கூடாது. ஹை பக்க அழுத்தம் முழுவதும் கேனுக்குள் பாய்ந்து கேன் வெடிக்கும்.

எவ்வளவு என்பதை முடிவு செய்வது லேபிளும் தராசும்தான், கேஜ் முள் அல்ல. சிறிய கார்களில் மொத்தமே 350 முதல் 550 கிராம். அதில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிரில் தெரியும். ஹோஸ்களுக்குள் தங்கிவிடும் காஸையும் கணக்கில் வையுங்கள். லீக்கை அடைக்கும் திரவம் கலந்த கேன்களை வாங்காதீர்கள்; அது எக்ஸ்பான்ஷன் வால்விலும், பின்னாளில் யாருடைய ரிக்கவரி மெஷினிலும் போய் இறுகும்.

சரிபார்ப்பு

30 டிகிரி வெயிலில் லோ பக்கம் 25 முதல் 45 பி.எஸ்.ஐ., ஹை பக்கம் 150 முதல் 250 பி.எஸ்.ஐ. இருக்கும். இரண்டும் தாழ்ந்திருந்தால் காஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் காஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று. ஆனால் அதற்கு முன் கண்டென்ஸர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள், பல நேரம் அதுதான். தொடக்கத்தில் நன்றாகக் குளிர்ந்து, சற்று நேரத்தில் லோ பக்கம் வேக்கத்துக்கு இறங்கி, நிறுத்தி வைத்தால் மறுபடி சரியாகும் வண்டியில் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனி கட்டுகிறது. அதற்கு மருந்து காஸ் அல்ல. மறுபடி எடுத்து, டிரையர் மாற்றி, நீண்ட வேக்கம்.

கேஜைக் கழற்றியதும் முனைகளில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, மூடிகளை ஓ-ரிங்கோடு இறுக்குங்கள். கசிவைக் கடைசியாகத் தடுப்பது அந்த மூடிதான். ஒரு வாரம் ஓட்டிய பிறகு, என்ஜின் ஆறிய நிலையில், புது ஹோஸின் இரண்டு முனைகளையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஆயில் ஏறினால் போல்ட்டை மேலும் இறுக்க வேண்டாம். ஓ-ரிங் மடிந்திருக்கிறது, காஸை எடுத்துவிட்டு அந்த இணைப்பைத் திறந்தாக வேண்டும்.